ரிக்குவண்டி அக்கா தேடிய பீர்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு கொலுசுக்கு மணி வைக்க உட்கார்ந்தவள் நான். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால்காரர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்க்கிறேன். மருமகள்தான், "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க அத்தை, தப்பிருந்தா நான் பாத்துக்கறேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன். முன்னது பின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மலைக்கு ஏறும் ரோட்டில் காலையில் நாங்கள் இரண்டு பேரும் நடப்போம். எனக்குச் சர்க்கரை, அவருக்கு மூட்டு வலி. ஏற்காட்டுக்குப் போய் வருகிறவர்கள் குடித்துவிட்டு எறிந்த பாட்டில்கள் ரோட்டோரம் கிடக்கும். ஒருநாள் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று குனிந்து ஒரு காலி பீர் பாட்டிலை எடுத்தார். முந்தானையால் பாட்டில் வாயைத் துடைத்துவிட்டு மூக்கருகில் வைத்து முகர்ந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிரே பால் கேனோடு ஒருவர் மொபெட்டில் வந்தார்.

"அக்கா, கீழ போடுங்க, ஆளு வருது."

"வரட்டும் அம்மிணி. நான் என்ன குடிக்கறனா? மோந்துதான பாக்கறேன்." இன்னொரு தடவை முகர்ந்தார். "இது இல்ல" என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே பாட்டிலை நேராக நிறுத்தி வைத்தார். மொபெட்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன். அக்கா சிரித்தார்.

இதைச் சொன்னால் அவர் குடிகாரி என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி இல்லை. அவர் வாழ்நாளில் குடித்ததை எல்லாம் சேர்த்தாலும் ஒரு குடம் வராது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். போர் போடும் ரிக்கு வண்டி வைத்திருந்தார். வயதானதும் வண்டியைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, இங்கே இடம் வாங்கி வீடு கட்டி வந்தார்கள். தெருவில் எல்லோருக்கும் அவர் ரிக்குவண்டி அக்கா. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்.

அக்காவின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்குதுங்க" என்றுதான் சொல்லத் தெரியும். அக்கா அப்படி இல்லை. தனக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதுவாக இல்லாவிட்டால் அதுவாக இல்லை என்று சொல்லிவிடுவார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"ஏனுங்க, இது போன வருசத்து மொளகாட்ட இருக்குதுங்களே?"

"புது மூட்டைங்கம்மா. காலையிலதான் பிரிச்சேன்."

"மூட்டை புதுசுதான் சாமி. உள்ள இருக்கறது பழசு."

கடைக்காரர் சிரித்துவிட்டு உள்ளே போய் வேறு மிளகு கொண்டுவந்தார். நான் வெளியே நிழலில் நின்று, கடையில் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். தட்டுவடை செட்டு வாங்கித் தின்றாலும் அப்படித்தான். பீட்ரூட் துருவல் காலையில் துருவியதா, மத்தியானம் துருவியதா என்று சொல்லிவிடுவார். என்னைப் பார்த்து, "உனக்கு மண்ணக் கரச்சுக் குடுத்தாலும் நல்லாருக்குதும்பே" என்பார். அது உண்மைதான்.

பீர் கதை இப்படி. கல்யாணமான புதிதில் அண்ணன் ரிக்கு வண்டியோடு வடக்கே போவார். போனால் மழை வரும் வரை அங்கேதான். சமையலுக்கு ஆள் கிடைக்காத ஒரு வருடம் அக்காவையும் கூட்டிப் போனார். ராய்ப்பூரும் தாண்டி ஏதோ ஒரு ஊர். அக்கா பெயர் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. ஒரு பெரியவரின் காட்டில் போர் போட்டார்கள். போட்ட இடத்தில் எல்லாம் புகைதான் வந்தது. கடைசியில் ஒரு இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டவுனுக்கு ஆள் அனுப்பி பீர் பெட்டி வாங்கிவந்து வண்டி ஆட்களுக்குக் கொடுத்தார். ஆண்கள் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து குடித்தார்கள். அண்ணன் மட்டும் தொடவில்லை. அவர் அந்த வயதிலிருந்தே முருகனுக்கு விரதம்.

அக்கா வெயிலில் கல் கூட்டி அத்தனை பேருக்கும் சோறு வடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் வீட்டு அம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்களாம். பாஷை தெரியாது. அங்கே நாலைந்து பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பித்தளைச் சொம்பைக் கையில் கொடுத்தார்கள். மேலே நுரை. மோர் என்று நினைத்து அக்கா மூச்சு விடாமல் குடித்துவிட்டார். குடித்த பிறகு, வெளியே ஆண்கள் குடிக்கும் பீர்தான் இது என்று நினைத்துக்கொண்டாராம்.

"எப்படியக்கா இருந்துச்சு?" என்று நான் கேட்டேன். பல தடவை கேட்டிருக்கிறேன். அவர் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

"மொதல்ல இத்தினியூண்டு புளிப்பு. அப்புறம் தானியம் வெந்த வாசம், கம்மங்கூழுப் பானையத் தொறந்தாப்ல. முழுங்கி முடிச்சு, சரி அவ்வளவுதான்னு நெனைக்கறப்ப, பின்னாலயிருந்து மெதுவா ஒரு கசப்பு வந்துச்சு பாரு. அதட்டாத கசப்பு." பிறகு, "அந்தப் பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். யாரும் என்ன ஒண்ணும் சொல்லுல அம்மிணி" என்பார்.

இதை அக்கா தன் வீட்டுக்காரரிடம் வெகு காலம் சொல்லவே இல்லை. பிள்ளைகள் வளர்ந்து, கட்டிக் கொடுத்து எல்லாம் ஆன பிறகு, அண்ணனுடைய அறுபதாம் கல்யாணம் வந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, எல்லோரும் கேட்கும்படி, "எங்கூட வண்டியிலயும் வெயில்லயும் கெடந்தவ. என்ன வேணுமோ கேளு புள்ள, வாங்கித் தாரேன். சபையில சொல்றேன்" என்றார்.

அக்கா அவர் காதருகில் குனிந்தார். ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அன்னைக்கு அந்தூர்ல ஒரு சொம்பு பீரு குடிச்சனுங்க. அது மறுக்கா ஒருக்கா வேணுமுங்க."

அண்ணனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "என்னங்க மாமா, என்ன கேட்டாங்க?" என்று தம்பி வீட்டார் கேட்டார்கள். அண்ணன் "வளையல் கேக்கறா" என்றார். சபையில் சொல்லிவிட்டதற்காக வளையலையும் வாங்கிப் போட்டார்.

கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்தார். அக்கா மறுபடி கேட்கவே இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. ஒருநாள் பொழுதோடு மஞ்சள் பையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மணி வைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா, நீ கேட்டது."

சொம்பில் ஊற்றும் சத்தம். பிறகு அக்கா துப்பும் சத்தம்.

"ஏனுங்க, இதென்னங்க, பூந்திக்கொட்டைத் தண்ணியா?"

"கடையில இதுதாங்கறான். எனக்கென்ன தெரியும்?"

"ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு வாங்கியாரலாமில்லீங்க?"

"காவடி எடுக்கறவனப் பாத்து என்ன பேச்சுப் பேசறா பாரு!"

இப்படித்தான் தேட ஆரம்பித்தார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அக்கா அந்தப் பாட்டிலைப் பார்த்ததே இல்லை. என்ன பெயர், என்ன படம், எந்த நிறம், ஒன்றும் தெரியாது. சொம்பில் வந்தது, குடித்தார். அது எது என்று சொல்ல அவருடைய நாக்கு ஒன்றுதான் இருந்தது.

குடியே தெரியாத மனிதர் பீர்க் கடையில் போய் நின்று, வரிசையில் இருப்பவர்களிடம், "ஏப்பா, இதுல கசப்பு மொதல்ல வருமா, கடைசியில வருமா?" என்று கேட்பாராம். இதை அவரே சொல்லிச் சிரித்தார். "இங்க காசுக்கு ஏறுமா ஏறாதாங்கறதுதானுங்க கேள்வி, நீங்க கசப்புக்குப் பொறந்த தேதி கேக்கறீங்களே" என்றானாம் ஒருவன். தெரிந்தவர் ஒருவர், "வயசான காலத்துல ஆரம்பிச்சுட்டீங்களாட்ட இருக்குது?" என்று கேட்டதற்கு, "ஆமா, ஆரம்பிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்காரிக்கு என்று ஒருநாளும் சொல்லவில்லை. தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அண்ணனைத்தான் குடிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டி ஓட்டும் தம்பி மகனும் சேர்ந்துகொண்டான். ஒவ்வொரு ஊருக்குப் போகும்போதும் ஒன்று கொண்டுவருவான். அக்கா பித்தளைச் சொம்பில்தான் ஊற்றுவார். முதலில் முகர்வார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். விழுங்கிவிட்டுக் காத்திருப்பார். அந்த நேரம் அண்ணன் பரீட்சை எழுதிய பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"இது தலைக்குப் போறதுங்க. நாக்குல ஒண்ணுமில்ல."

"இதுல ஆசுபத்திரி வாசம் அடிக்குது."

"இது பொம்பளைக்குப் புடிக்கும்னு சக்கரையப் போட்டிருக்கறான். எவஞ் சொன்னான் இவனுக்கு?"

மீதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார். "அது இல்லாதத எதுக்குக் குடிக்கறது?" அந்தச் செடி என்ன செழிப்பு என்கிறீர்கள்! ஒவ்வொரு இலையும் விரல் அகலம். என் வீட்டு ரசத்துக்கும் அதுதான். போடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். ஒரு தடவை எனக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்தார். நான் நாக்கில் வைத்துவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் சொம்பில் இருந்தது சிந்திவிட்டது.

ஜேடர்பாளையத்துக்கு மீன் சாப்பிட எல்லோரும் வேனில் போனோம். தம்பி மகன் பெங்களூரிலிருந்து வாங்கிவந்த ஒரு டின்னை ஐஸ் போட்டு எடுத்துவந்திருந்தான். காவிரிக் கரையில் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு அக்கா குடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"கிட்ட வந்துருச்சுங்க. ஒரே சாடை. ஆனா இது தம்பி. அண்ணன் எங்கயோ இருக்கறான்."

அன்றைக்கு அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடினார். தம்பி கிடைத்துவிட்டான், அண்ணன் எங்கே போய்விடுவான் என்று.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது அவர்கள் இரண்டு பேருக்குமே வந்தது. அண்ணனுக்கு லேசாக. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைக்கும்படி ஆகிவிட்டது. பிழைத்து வந்தார். வந்த வாரம் நான் ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். அவசரத்தில் உப்பே போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உப்பில்லை என்று அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. போய்ப் பார்த்தேன். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்குக்குள் நுழைக்காத குறையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் தெரியில அம்மிணி. காப்பித்தூளும் செங்கப்பொடியும் ஒண்ணாத்தான் இருக்குது."

"டாக்டரு என்னங்கக்கா சொல்றாரு?"

"வந்துரும்ங்கறாரு. உங்கண்ணங்கிட்டச் சொல்லிராதே. அவரே பாதி உசுரா இருக்கறாரு."

வரவில்லை. அக்கா பழையபடியே நடந்துகொண்டார். சாப்பிட உட்கார்ந்தால், "ரசத்துக்கு உப்புக் கம்மிங்க" என்பார். உப்பு சரியாகத்தான் இருக்கும். அண்ணன் இன்னொரு சிட்டிகை அள்ளிப் போட்டுக்கொண்டு, கரிக்கக் கரிக்கச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

பயணம் போக வழி திறந்ததும் அண்ணன், "நானே போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். தம்பி மகனின் வண்டி அந்தப் பக்கம்தான் போகிறது, அந்தப் பெரியவர் வீட்டையே கண்டுபிடித்துக் கேட்டுவிடுகிறேன் என்றார். ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்த பயம்தான் அவரை விரட்டியது.

நான் அக்காவிடம், "இப்பவாச்சும் சொல்லிருங்கக்கா. இத்தன தூரம் போறாரே" என்றேன்.

"சொல்லத்தான் போனேன். பையத் தூக்கிட்டு நிக்கறாரு. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட அந்த மொகம் அப்படி இல்ல அம்மிணி. வாயி வருல. அவரு திரும்பி வாரதுக்குள்ள நாக்கு வந்துராதா?"

ரிக்கு வண்டியில் உட்கார்ந்து அந்த வயதில் அவ்வளவு தூரம் போனார். வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். பெரியவரும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. பேரன் ஒருவன் இருந்தான். தோண்டிய போரில் இன்னும் தண்ணீர் வருகிறதாம். அந்தக் காலத்தில் இங்கே என்ன பீர் என்று தம்பி மகனை விட்டு இந்தியில் கேட்டிருக்கிறார். பேரன் டவுனுக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டி, இந்த ஊரில் எப்போதும் இதுதான் என்றான். அண்ணன் சாக்கில் சுற்றி, வண்டியின் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

வந்து இறங்கியபோது நான் அங்கேதான் இருந்தேன், பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கால்கூடக் கழுவவில்லை. "புள்ள, சொம்ப எடு" என்றார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சொம்பை எடுத்து வந்து ஊற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். விழுங்கிவிட்டுக் காத்திருந்தார். எப்போதும் காத்திருப்பதைவிட அதிக நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. ருசி திரும்பி வருமோ என்று பார்த்திருக்கிறார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் புழுதி.

அக்கா கண்ணைத் திறந்தார். "இதானுங்க" என்றார்.

அண்ணன் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தம்பி மகனிடம், "அதேதாண்டா! ஒரு வாயில சொல்லிட்டா!" என்று கத்தினார்.

"பச்சத் தண்ணி அம்மிணி" என்றார் அக்கா மெதுவாக. "குளுகுளுன்னு இருக்குது. வேறொண்ணுமில்ல." சொம்பில் இருந்ததை முழுவதும் குடித்தார். அவர் முழுச் சொம்பு குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம்தான் இருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார். நாக்கு திரும்பி வரவே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் செத்தால், அவர் குடிக்கிறவர் என்றால், படையலில் பாட்டிலும் வைப்பார்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். பொம்பளைக்குப் புடவை, வளையல், பூ, பலகாரம். அக்காவின் படையலன்று அண்ணன் இவை எல்லாம் வைத்துவிட்டு, நடுவில் பித்தளைச் சொம்பை வைத்து, எல்லோருக்கும் முன்னால் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். அவர் தங்கச்சி, "அண்ணா, என்ன இது, நாலு பேரு இருக்கறாங்க" என்று கையைப் பிடித்தார். "இருக்கட்டும். அவளுக்கு இதுதான் வேணும். இது ஒண்ணுதான் அவ எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டது" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் கூட இருந்தீங்களே அம்மிணி. இதேதான்னு சொன்னாளில்ல?" என்றார். ஆமாங்க என்றேன். வருடா வருடம் அதையே வரவழைத்து வைக்கிறார். வருடா வருடம் என்னைக் கேட்கிறார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு அடுத்த காலி இடத்தில் அடுக்கு வீடு கட்டுகிறார்கள். வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். ராய்ப்பூர்ப் பக்கம் என்றாள். கொஞ்சம் தமிழ் வந்துவிட்டது. கூச்சத்தை விட்டு ஒருநாள் கேட்டேன், உங்கள் ஊரில் பொம்பளைகள் பீர் குடிப்பார்களா என்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பீர் ஆம்பள, கடை. பொம்பள வீட்ல." கையால் பானை மாதிரி காட்டினாள். "சோறு ஆக்கி, ஆற வெச்சு, புளிக்க மருந்து போட்டு மூடி வெப்போம். நாலு நாள். விருந்தாளி வந்தா சொம்புல குடுப்போம்."

"எப்படியிருக்கும்?"

"புளிப்பு. அப்புறம் கொஞ்சம் கசப்பு. நல்லா இருக்கும் அம்மா."

நான் குழாயை நிறுத்தக்கூட மறந்து நின்றேன். குடம் நிரம்பி ஓடியது.

நாங்கள் கடைகளில் தேடினோம். நுரை இருந்தால் பீர், பீர் என்றால் பாட்டில், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அண்ணன் அங்கே போயும் என்ன பீர் என்றுதான் கேட்டிருக்கிறார். கேட்டதற்குப் பேரன் பதில் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு உங்கள் வீட்டுப் பொம்பளைகள் சொம்பில் என்ன கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு நாக்கு இருந்தபோது அந்தப் பெண்ணைப் போல் ஒருத்தி இந்தத் தெருவுக்கு வந்திருக்கலாம்.

அப்படித்தான் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் ஊரும் அக்கா போன ஊரும் ஒன்றா, பக்கமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஊர் பெயரை நான் மறந்துவிட்டேன். அந்தக் காலத்தில் ரிக்கு வண்டியோடு அந்தப் பக்கம் போனவர்கள் திருச்செங்கோட்டில், நாமக்கல்லில் நிறையப் பேர் இருப்பார்கள். யாராவது விசாரித்து, அங்கே வீட்டுப் பொம்பளைகள் விருந்தாளிக்குச் சொம்பில் கொடுப்பது எது, அதில் கசப்பு கடைசியில்தான் வருமா என்று எழுதுங்கள். என் பெயருக்கு எழுதினால் போதும். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். வருகிற புரட்டாசி அமாவாசைப் படையலுக்கும் அந்தப் பாட்டிலையே வாங்கிவர அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.